ஏறின கம்பி இறங்காது

வீட்டில் அவளுக்குப் ‘பாதிக்கிணறு’ என்று பெயர். வைத்த புண்ணியவான் அவளுடைய தம்பி. தட்டச்சு பழகப் போனாள், ஒற்றை விரலோடு நின்றது. தையல் பழகப் போனாள், மகனின் சட்டைக்கு ஒரு கை மட்டும் வந்தது. கார் ஓட்டப் போனவள், வண்டியைப் பின்னால் எடுக்கும் பாடம் வருவதற்கு முன்பே வகுப்பை விட்டுவிட்டாள். “எங்க அக்கா காரை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனா, வீடு திரும்ப உலகத்தைச் சுத்தித்தான் வரணும்” என்று தம்பி யார் வந்தாலும் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடச் சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகு முள் ஒன்று உள்ளே தங்கிவிடும்.

தம்பிக்கும் பட்டப்பெயர் உண்டு. பீரோ. மரச்சாமான் கடையில் வேன் ஓட்டுகிறான். எப்போதோ ஒரு பீரோவை இரண்டாவது மாடிக்குத் தனியாகவே சுமந்துகொண்டு போனானாம். பார்த்தவர் யாரும் இல்லை. கதை சொல்லச் சொல்ல அந்த பீரோ ஏறிக்கொண்டே போய் இப்போது ஐந்தாவது மாடியில் நிற்கிறது.

அக்காவுக்கு ரொட்டிக் கடையில் மாவு பிசையும் பிரிவில் வேலை. மூட்டையைத் தூக்கி இயந்திரத்தில் கொட்டுவது, பிசைந்த மாவை அள்ளி மேசையில் போடுவது, அடுத்த மூட்டை. நாற்பதைத் தாண்டியதும் இடுப்பு பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. முதலாளி நல்ல மனுஷர். “கல்லாவுல வந்து உக்காந்துடும்மா” என்றார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. நாள் முழுக்க வருகிறவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டுவதைவிட மாவோடு மல்லுக்கட்டுவது மேல் என்று நினைத்தாள். வைத்தியம் பார்த்த பெண்தான், “தூக்கறதை நிறுத்தாதீங்க, ஒழுங்கா தூக்கக் கத்துக்குங்க” என்று சொல்லி ஒரு முகவரி கொடுத்தாள்.

டயர் கடைக்குப் பின்னால் நீளமான ஒரு கூடம். தரையில் ரப்பர் விரிப்பு, தலைக்குமேல் தடதடக்கும் மின்விசிறி, சுவரோரம் இரும்புத் தட்டுகள். அதுதான் பளுதூக்கும் சங்கம். பயிற்சி கொடுப்பவள் அவளைவிடப் பத்து வயதுக்குமேல் சின்னவள். பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலை. எதிரே எல்லோரும் ‘கோச்’ என்றார்கள், முதுகுக்குப் பின்னால் ‘ரெண்டரை’ என்றார்கள். யார் எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு தடவைக்கு இரண்டரை கிலோவுக்குமேல் ஏற்ற விடமாட்டாள்.

“நூறு கிலோ எப்ப தூக்குவேன் கோச்?” முதல் நாளே அக்கா கேட்டுவிட்டாள்.

“அது இருக்கட்டும். இந்தக் கம்பியைத் தூக்குங்க.”

“இதுல ஒண்ணுமே இல்லையே?”

“கம்பியே இருபது கிலோக்கா. இதோட மொதல்ல பழகுங்க. தட்டு எங்கயும் ஓடிப்போகாது.”

கம்பியைத் தரையிலிருந்து எடுத்து, இடுப்பு நிமிர நின்று, மறுபடி தரையில் வைக்க வேண்டும். கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா என்று தோன்றும். அக்காவுக்கு அதில் பாதி மாதம் போனது. எங்கே நிற்பது, எதைப் பிடிப்பது, முதுகை எப்படி வைப்பது. அவசரமாக வெடுக்கென்று இழுக்கக் கூடாது. முதலில் கம்பியை இழுத்துப் பிடிக்க வேண்டும், தட்டும் கம்பியும் உரசி ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், அதற்குப் பிறகுதான் தூக்க வேண்டும். சத்தம் வராமல் தூக்கினால் கோச் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“உங்க எடை என்ன?” என்று ஒருநாள் கேட்டாள் கோச்.

“அறுபத்து நாலு.”

“அப்ப இந்தப் பயிற்சிப் பருவம் முடியறதுக்குள்ள அறுபத்து நாலு. உங்களை நீங்களே தூக்கற அளவு. அதுக்குமேல வந்தா சந்தோஷம், வரலைன்னா குத்தமில்ல.”

“நூறு?”

“நூறு எங்கயும் போகாது. அது பாட்டுக்கு அங்கயே நிக்கும்.”

அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது, எடை ஏறிக்கொண்டே வந்தது. நாற்பது, நாற்பத்திரண்டரை, நாற்பத்தைந்து. நடுவில் ஒரு மாதம் ஐம்பதிலேயே சிக்கி நின்றது. பழைய பழக்கம் தலைதூக்கி, வகுப்புக்குப் போகாமல் இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் கோச் ரொட்டிக் கடைக்கே வந்து ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு, வேறொன்றும் பேசாமல் போனாள். அடுத்த நாள் அக்கா தானாகப் போய்விட்டாள். பருவத்தின் கடைசியில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, எழுபது கிலோ எழுந்தது. அதைவிடப் பெரிய விஷயம், இடுப்பு வலி எப்போது போனது என்றே அவளுக்குத் தெரியவில்லை. கல்லாவைப் பற்றி முதலாளியும் பேச்சை எடுப்பதில்லை.

சங்கத்தில் ஒரு விதி இருந்தது. கூடம் சின்னது, சேரக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதனால் பருவத்தின் முடிவில் நடக்கும் புதியவர்களுக்கான போட்டியில் ஏதாவது ஓர் எடையைச் செல்லும்படியாகத் தூக்கியவர்களுக்குத்தான் அடுத்த பருவத்தில் இடம். எத்தனை கிலோ என்பது கணக்கில்லை, பரிசும் தேவையில்லை. ஒன்றும் செல்லாமல் பூஜ்யத்தோடு திரும்பினால், வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான்.

“மூணு வாய்ப்பு உண்டு” என்று போட்டிக்கு முந்தின வாரம் கோச் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னாள். “தொடங்கற எடையை நீங்கதான் சொல்லணும். கம்பி லேசுல ஆரம்பிச்சு ஏறிக்கிட்டே போகும். ஏறின கம்பி யாருக்காகவும் இறங்காது. அதனால காய்ச்சலோட வந்தாலும் தூக்கற எடையைத் தொடக்கமா சொல்லுங்க. அக்கா, உங்களுக்கு அறுபது. அப்புறம் அறுபத்தஞ்சு. அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.”

போட்டி ஒரு பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. தம்பி வேனிலேயே அழைத்துவந்தான். கோச்சுக்கு அன்று பார்த்துக்கொள்ள ஆறு பேர். தூக்குகிறவர் ஒவ்வொருவருக்கும் ஓர் உதவியாள் உள்ளே வரலாம், கையில் மஞ்சள் பட்டை கட்டியிருக்க வேண்டும். அக்காவின் பட்டை தம்பிக்குப் போனது.

“பீரோண்ணா, வேலை சிம்பிள். தண்ணி, துண்டு. அவ்வளவுதான்” என்றாள் கோச்.

“அஞ்சாவது மாடிக்கு பீரோ தூக்கினவன்கிட்ட துண்டைக் குடுக்கறீங்களே.”

“பீரோவை யாரு வேணும்னாலும் தூக்கலாம். துண்டை நேரத்துக்குக் குடுக்கணும் பாருங்க, அதான் கஷ்டம்.”

அக்கா பின்னறையில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டாள். வெறும் கம்பி, முப்பது, நாற்பது, ஐம்பது. பிறகு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். அரங்கின் ஒலிபெருக்கி அங்கே தெளிவாகக் கேட்டது. “கம்பியில் ஐம்பது.” யாரோ போனார்கள். “ஐம்பத்தைந்து.” யாரோ வந்தார்கள். “கம்பியில் அறுபது.” எழுந்து கையில் வெள்ளைப் பொடியைத் தடவிக்கொண்டாள். வேறு ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். அடுத்தது நாம் என்று நின்றாள். இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். சரி, அறுபதுக்கு இன்று நல்ல கிராக்கி போலிருக்கிறது என்று மறுபடி உட்கார்ந்தாள்.

“கம்பியில் அறுபத்தைந்து.”

எழுந்து வாசலைப் பார்த்தாள். தம்பி துண்டோடு உள்ளே வந்தான். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

“ஏண்டா, அறுபது போயிடுச்சு, என்னைக் கூப்பிடவே இல்லையே?”

“பதறாத. உனக்கு இன்னும் நேரம் இருக்கு.”

“என்ன நேரம்?”

“மாத்திட்டேன்கா. எண்பது.”

அக்காவுக்கு ஒரு கணம் புரியவில்லை. தம்பி விளக்கினான். பார்வையாளர் வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் ஆள் இவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தானாம். அவன் மகளும் இன்று தூக்குகிறாளாம். ‘உங்க அக்கா எத்தனையில ஆரம்பிக்கறாங்க?’ என்று கேட்டானாம். அறுபது என்று இவன் சொன்னதும், ‘ஓ, எங்க பொண்ணு அதை வார்ம் அப்புக்குத் தூக்குவா’ என்றானாம்.

“சும்மா விடச் சொல்றியா? நேரா எடை எழுதிக்கற மேசைக்குப் போனேன். பட்டை இருந்துச்சு. எண்பதுன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாரு.”

“நான் எண்பதைத் தொட்டதே இல்லடா.”

“மாவு மூட்டையைத் தினம் தூக்கறியே.”

“அது இருபத்தஞ்சு கிலோடா, மடையா.”

தம்பியின் முகத்தில் களை இறங்க ஆரம்பித்தது. அக்கா அவனைத் தாண்டி ஓடினாள். கோச் மேடை ஓரத்தில் வேறொரு மாணவியின் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் திட்டவில்லை. திட்ட நேரம் இல்லை. இருவரும் மேசைக்குப் போனார்கள். மேசையில் கணினியோடு உட்கார்ந்திருந்தவர் சுண்டல் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இப்ப கம்பியில என்ன சார்?”

“அறுபத்தஞ்சுல கடைசி ஆள். அடுத்தது எழுபது.”

“இவங்களுக்கு எடையைக் குறைக்கணும்.”

“ஏற்கெனவே ஒரு தடவை மாத்தியாச்சு. இன்னும் ஒரு தடவைதான் மாத்தலாம். எழுபதுக்குக் கீழ கிடையாது.”

கோச் அக்காவைப் பார்த்தாள். “எழுபதுன்னா இப்பவே ஏறணும், உடம்பு ஆறிப்போயிருக்கும். எழுபத்தஞ்சுன்னா மறுபடி சூடேத்திக்க நேரம் கிடைக்கும். நீங்க சொல்லுங்க.”

எழுபத்தைந்து அவள் பார்த்தே இராத ஆள். எழுபதை ஒருமுறையாவது சந்தித்திருக்கிறாள். “எழுபது” என்றாள் அக்கா.

அவளைக் கூப்பிட்டார்கள். மேடையில் மூன்று நடுவர்கள் மூன்று பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இருந்தவர் வழுக்கைத் தலைக்காரர். அவர்தான் தலைமை. தூக்கி நிமிர்ந்து நின்றதும் அவர் உயர்த்திய கையை இறக்கி ‘இறக்கு’ என்று சொல்வார், அதற்குப் பிறகே கம்பியைக் கீழே வைக்க வேண்டும். மூன்று பேரில் இரண்டு பேராவது வெள்ளை விளக்கைப் போட்டால் செல்லும்.

அக்கா குனிந்தாள். ஆத்திரமும் அவசரமும் சேர்ந்து கையில் இருந்தது. வெடுக்கென்று இழுத்தாள். கம்பி முழங்கால்வரை வந்து, வாசலில் தயங்கும் விருந்தாளி மாதிரி நின்றது. பிறகு தன் பாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது. மூன்றும் சிவப்பு.

“சத்தம் வந்துச்சா?” பின்னறையில் கோச் கேட்டது அது ஒன்றுதான்.

“இல்ல.”

“அப்புறம் எப்படி வரும்? மறுபடி எழுபது.”

தம்பி துண்டை நீட்டினான். அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. அவன் அதைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டான். “நல்லா வந்துச்சுக்கா, இன்னும் கொஞ்சம்தான்” என்று ஆரம்பித்தான். கோச் ஒரு பார்வை பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டான்.

இரண்டாம் முறை அக்கா மெதுவாகப் போய் நின்றாள். கம்பியை இழுத்துப் பிடித்தாள். ‘டக்’. தூக்கினாள். முழங்காலில் தயங்கவில்லை. தொடை, பிறகு இடுப்பு. நிமிர்ந்துவிட்டாள். தோள் பின்னால் போனது. அரங்கில் கைதட்டல் கிளம்பியது. விரல்கள் எரிந்தன, கண்ணில் பூச்சி பறந்தது.

“எறக்குக்கா, போதும்.”

அக்கா இறக்கினாள். கம்பி தரையில் அமர்ந்தது. நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

தம்பி மேடை ஓரத்துக்கே வந்துவிட்டான். “சார், தூக்கினாங்களே. இத்தனை பேர் பாத்தாங்களே.”

“தூக்கினாங்க” என்றார் வழுக்கைத் தலை நடுவர். “நான் சொல்றதுக்கு முன்னாடி இறக்கிட்டாங்க.”

“இறக்குன்னு கேட்டுச்சே சார்” என்றாள் அக்கா.

“நான் இன்னும் வாயே திறக்கலம்மா.”

எல்லோருமாகத் தம்பியைப் பார்த்தார்கள். அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்து, திறந்த வாயைக் கையால் மூடிக்கொண்டான். பார்வையாளர் வரிசையில் கறுப்புக் கண்ணாடிக்காரர் குனிந்து தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று நன்றாகவே தெரிந்தது.

பின்னறைக்கு வந்ததும் தம்பியே மஞ்சள் பட்டையை அவிழ்த்து கோச்சிடம் கொடுத்தான். “அக்கா, நான் ஒரு…”

“எதுவும் பேசாத. வேன்ல போய் உக்காரு.”

“பாக்கவாவது…”

“கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு உக்காரு.”

அவன் துண்டைப் பெஞ்சில் மடித்து வைத்துவிட்டுப் போனான். கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. அக்கா பார்க்காமல் இருந்துவிட்டாள்.

இன்னும் ஒரே வாய்ப்பு. இதுவும் போனால் பூஜ்யம். கூடம் போய்விடும், செவ்வாய், வெள்ளி வகுப்பும் போய்விடும், இடுப்பு பழையபடி பிடித்தால் கல்லாதான். வீட்டில் தம்பியின் பட்டியலில் கம்பியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஆனால் இந்த முறை அது அவள் விட்டதாக இருக்காது. அந்த வித்தியாசம் யாருக்கும் புரியப் போவதில்லை. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வரும் போல இருந்தது.

“கை எப்படி இருக்கு?” என்றாள் கோச்.

“எரியுது.”

“எரியட்டும். ரெண்டாவது தடவை நீங்க தூக்கிட்டீங்க. எடை உங்களுது. இனி தூக்கறது இல்ல வேலை, நிக்கறது.”

“யார் குரலைக் கேக்கறதுன்னே தெரியல கோச். கம்பி கையில இருக்கும்போது எல்லாமே ஒரே குரலாத்தான் கேக்குது.”

“அப்ப எதையும் கேக்காதீங்க. அந்த வழுக்கைத் தலை சார் கையைப் பாருங்க. கை இறங்கினா நீங்க இறக்குங்க.”

கூப்பிட்டார்கள். அக்கா போனாள். வெள்ளைப் பொடி, குனிதல், பிடி. இழுத்துப் பிடித்தாள், சத்தம் வந்தது. கம்பி முன்னைவிட மெதுவாக ஏறியது. முழங்காலருகில் ஒருமுறை நின்றுவிடும் போலிருந்தது, நிற்கவில்லை. முதுகு வளையப் பார்த்தது, வளைய விடவில்லை. கடைசியில் இடுப்பு முன்னால் போய்ப் பூட்டிக்கொண்டது. நிமிர்ந்தாள்.

யாரோ கத்தினார்கள். என்ன கத்தினார்கள் என்று அவள் கேட்கவில்லை. எதிரே நடுவரின் கை உயர்ந்தே இருந்தது. அந்த மனுஷர் அவசரப்படுவதாக இல்லை. இடது கையில் மோதிர விரல் பிரிந்தது. சுண்டு விரல் அதற்கு முன்பே போய்விட்டது. இரண்டு விரலும் ஒரு கட்டைவிரலுமாக நின்றாள். கை அங்கேயே இருந்தது. சட்டைக் கையில் ஒரு பொத்தான் இல்லாதது வரைக்கும் பார்த்துவிட்டாள்.

கை இறங்கியது.

அக்கா கம்பியைத் தரைவரைக்கும் கூடவே குனிந்து போய் வைத்தாள். போடவில்லை, வைத்தாள். விளக்கைப் பார்க்க முதலில் தைரியம் வரவில்லை. கோச் மேடை ஓரத்தில் இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. இடப்பக்க நடுவருக்கு முழங்கால் முழுதாக நிமிர்ந்ததா என்று சந்தேகம். அவருடைய சந்தேகம் அவரோடு போகட்டும். எழுபது செல்லும்.

கறுப்புக் கண்ணாடிக்காரரின் மகள் தொண்ணூறு தூக்கினாள். அவர்கள் உடல் எடைப் பிரிவில் அக்கா கடைசிக்கு முந்தின இடம். கீழே இருந்த பெண் மூன்று முறையும் விட்டவள். பின்னறையில் அவள் அழுதுகொண்டிருந்தாள். அக்கா தன் பங்குத் தண்ணீரை அவளிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெளியே வேனில் தம்பி நிஜமாகவே கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் இறக்கினான். கேட்கப் பயந்தவன் போல முகத்தை மட்டும் பார்த்தான்.

“செல்லும்” என்றாள் அக்கா.

தம்பி இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து அதன்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். “நான் பாக்கலையே” என்றான்.

“நீ பாத்திருந்தா நடந்திருக்காது.”

அது அவனுக்கு வலித்திருக்கும். வலிக்கட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள். கோச் அந்தப் பக்கமாகத் தன் பையோடு வந்தாள். ஜன்னலில் குனிந்து, “செவ்வாய்க்கிழமை எப்பவும் போல வந்துடுங்க. ஐம்பதுல இருந்து ஆரம்பிப்போம்” என்றாள்.

“எழுபது தூக்கினவளுக்கு ஐம்பதா?” என்றான் தம்பி. கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“ஐம்பது போதும் கோச். செவ்வாய்க்கிழமை வர்றேன்” என்றாள் அக்கா.

ஏறி உட்கார்ந்து கதவை இழுத்தாள். விரல்கள் மடங்க மறுத்தன. கைப்பிடி நழுவி நழுவிப் போனது. தம்பி இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, கதவைச் சாத்திவிட்டு, மறுபடி சுற்றிப் போய் உட்கார்ந்தான்.